எதையும் தூக்காதவள்

கழுத்தும் தோளும் சேரும் பள்ளத்தில் பிசியோதெரபி அம்மா கட்டைவிரலை வைத்து அழுத்தியதும், நாகம்மாளுக்கு இடது மார்பில் வலித்தது. இன்னொரு கை அங்கேயும் அழுத்துகிறதோ என்று குனிந்து பார்த்தாள். இல்லை, அந்த அம்மாவின் மறுகை முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது. விரலை எடுத்ததும் வலி போயிற்று.

“இன்னொரு தபா அமுக்கு மேடம்” என்றாள்.

மறுபடியும் அழுத்தியது கழுத்தில், வலித்தது மார்பில். தன் உடம்புக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் ஒரு கயிறு ஓடுகிறது, இங்கே இழுத்தால் அங்கே ஆடுகிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பயத்தைவிட வேடிக்கைதான் அதிகமாக இருந்தது.

பயமெல்லாம் அவள் புருஷன் ரங்கனுக்கு. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையேறி உட்கார்ந்ததும் மனுஷன் அரண்டுபோனான். இருதயம்தான் என்று தானே முடிவுகட்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்குக் கூட்டிவந்தான். இ.சி.ஜி. பார்த்த டாக்டர் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, தசைவலிதான் என்று சொல்லிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். ரங்கனுக்கு மனம் ஆறவில்லை. வலி முழுசாக விடாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டான். காலையில் பெண்கள் கூட்டமாக ஏரிக்குப் போவதை நாகம்மாள் வாசலில் நின்று பார்ப்பாள். சின்ன வயதிலிருந்து கழுத்தளவுத் தண்ணீரில் ஊறிய உடம்பு அது. காய்ந்த தரையில் நாளெல்லாம் என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பிசியோதெரபி அம்மாவுக்குப் பெயர் தேவதர்ஷினி. சின்னப் பெண்தான், ஆனால் துருவித் துருவிக் கேட்பாள். சுவரில் விரல்களால் ஊர்ந்து கையை மேலே கொண்டுபோகச் சொன்னாள். கதவு நிலையில் இரு கைகளையும் ஊன்றி மார்பை முன்னால் தள்ளச் சொன்னாள். நாகம்மாள் ஒன்றையும் விடாமல் செய்தாள், வலியும் மெல்ல அடங்கியது. அடங்கிய தைரியத்தில், ரங்கன் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக ஏரியில் இறங்கினாள். கரை திரும்புவதற்குள் வலியும் திரும்பிவிட்டது. அதைத்தான் இன்றைக்கு வந்து அசடு வழியச் சொன்னாள்.

தேவதர்ஷினி கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்து கேட்கிற கேள்வியையே திரும்பக் கேட்டாள். அங்கே என்ன பாரம் தூக்குகிறீர்கள், தலையில் கூடையா, இடுப்பில் குடமா?

“இன்னாத்த தூக்கப்போறேன் மேடம்? வெறுங்கையாலதான் சேத்துல தடவுறோம். ஒண்ணும் தூக்கறதில்ல.”

அவள் பொய் சொல்லவில்லை. அவள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

தேவதர்ஷினி சற்று யோசித்தாள். “தண்ணில எப்டி இருப்பீங்களோ, இங்க அப்டியே செஞ்சு காட்டுங்கக்கா.”

நாகம்மாள் கூச்சத்தோடு தரையில் முட்டி போட்டாள். விரல்களை விரித்துச் சிமெண்டுத் தரையைத் தடவினாள். கை ஓடவில்லை. என்னவோ குறைந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்த தன் துணிப்பையை இழுத்து, அதன் காதைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பை மார்புக்கு முன்னால் தொங்கியது. இப்போது இரண்டு கைகளும் தாமாகவே துழாவத் தொடங்கின, அகப்படாத இறாலை எடுத்துப் பைக்குள் போடவும் செய்தன.

“வாயில என்னக்கா அது?”

பையை விட்டுவிட்டு, பறி என்றாள் நாகம்மாள். பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது அதை வேறெங்கே வைப்பது? கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் பறி முகத்துக்கு நேரே தொங்கும், பிடித்ததைப் பிடித்தபடி போடலாம். பறி நிறைய நிறையக் கழுத்து கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

“இத ஏங்கா இவ்ளோ நாளா சொல்லல?”

“அது பாரமா மேடம்? அது பாட்டுக்கு வாயில இருக்கும்.”

தேவதர்ஷினி அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி மறுபடியும் பையைக் கடிக்கச் சொன்னாள். கழுத்தின் இரு பக்கமும் நரம்பும் சதையும் முறுக்கேறிப் புடைத்து எழுந்தன. நாகம்மாள் பறி கடித்த முகங்களை எவ்வளவோ பார்த்திருக்கிறாள், தன்னுடையதை இன்றுதான் பார்த்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

இந்த இழுவைதான் நெஞ்சில் வலியாக வருகிறது என்றாள் தேவதர்ஷினி. பறியை இனிமேல் பல்லில் கடிக்காமல் வேலை செய்ய வழியுண்டா என்றும் கேட்டாள். இடுப்பில் கட்டினால் சேற்றில் இழுபடும், இறாலும் நழுவிவிடும் என்றாள் நாகம்மாள். பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை நாகம்மாளுக்கு அதே சிந்தனைதான்.

வீட்டுக்கு வந்ததும் ரங்கனின் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து அமுக்கச் சொன்னாள். அமுக்கினான். அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் திருதிருவென்று விழித்தான். பறியால் வந்த வலி என்று அவள் விளக்கியதும் போய் உடைந்த மீன் பெட்டி ஒன்றிலிருந்து தெர்மோகோல் துண்டுகளைப் பெயர்த்துவந்து, பறியின் வாயைச் சுற்றி வைத்துக் கட்டினான். இடுப்பிலிருந்து ஒரு கயிறு, முன்னால் மிதக்கும் பறி.

“ஒரு நாள் பாப்போம். நோவு வந்துச்சு, அத்தோட ஏரிய மறந்துடு.”

மறுநாள் அவன் கரையிலேயே நின்றுகொண்டான். நாகம்மாள் வரிசையில் தன் இடத்தில் இறங்கினாள். இருபுறமும் பெண்கள் பறியைக் கடித்தபடி சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். இறால் அகப்பட்டது, மிதக்கும் பறிக்குள் போட்டாள். அது கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போயிற்று, எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. வலி வருகிறதா என்று உள்ளுக்குள் கவனித்தபடியே நகர்ந்தாள். இதுவரை வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருந்தது. ஏரிக்குள் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. உதட்டை நக்கினாள், உப்புக் கரித்தது. அப்புறம் தன்னையறியாமல் பேச்சு வந்துவிட்டது.

“இங்க அமுக்குனா நெஞ்சுல வலிக்குதுடி” என்றாள், சேற்று விரலால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி. “இருதயம் இல்லையாம். பறியாம்.”

தண்ணீர் சலசலத்தது. எல்லார் வாயிலும் பறிக் கயிறு இருந்தது. பக்கத்தில் இருந்த செவ்வந்தி மட்டும் துழாவுவதை நிறுத்தினாள். பறியைப் பல்லில் கடித்தபடியே ஒரு கையைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கி, தன் கழுத்துப் பள்ளத்தைத் தேடி அமுக்கினாள். கண் சுருங்கியது. மற்றக் கையும் சேறு சொட்ட மேலே வந்து, இடது மார்பின் மேல் படிந்தது.