'படகுத் தபால்' விளையாட்டின் கடைசிக் கட்டம்

குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்தது. அதனால்தான் கடைசிக் கட்டத்துக்குத் தம்பியே நிறம் கொடுக்க வேண்டிவந்தது. இல்லாவிட்டால் அந்த வேலைப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான்.

பல் மருத்துவமனை ஒன்றின் மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய கம்பெனி. படம் வரைவது அக்கா, புரோகிராம் எழுதுவது தம்பி. மூன்றாவது ஆள் கிடையாது. கீழே பல் ராவும் சத்தம் கேட்டால் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய வீடியோ கேமுக்குப் 'படகுத் தபால்' என்று பெயர். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒரு தபால்காரி படகில் போய் வீடு வீடாகக் கடிதம் கொடுக்க வேண்டும். வழியெங்கும் மதகுகள். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரியும்போது நுழைந்தால் தண்ணீர் புரட்டியடித்துப் படகு கவிழும்.

ஏறக்குறைய முடிந்துவிட்ட விளையாட்டை, கடைக்கு வரும் முன் வெளியாட்கள் கையில் கொடுத்து, எங்கெங்கே ஓட்டை ஒடிசல் என்று பார்ப்பதுதான் பீட்டா சோதனை. செய்தவர்களே சோதித்தால் ஓட்டை கண்ணில் படாது. தெரிந்த வழியிலேயே போய் வந்துவிடுவார்கள். அதற்கான தேதியை அக்கா முன்பே அறிவித்துவிட்டாள். கையில் கட்டோடு அவள் வீட்டில் கிடக்க, தம்பி கடைசிக் கட்டத்தைத் தானே முடித்தான். அக்காவின் மதகுகளில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயுமாக இரண்டிரண்டு விளக்குகள் இருக்கும். அவன் வேலையைச் சுருக்கி, நிறம் மாறும் ஒற்றை விளக்காகப் போட்டான். சுற்றிலும் ஒரு தோட்டம் வைத்தான். செய்து முடித்ததும் அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

"எனக்கும் ஒரு தடவை காட்டேன்டா" என்றாள் அக்கா போனில்.

"கை சரியாகட்டும். மொத்தமா பாத்துக்கலாம், என்ன அவசரம்?"

பீட்டா திறந்த அன்றே புகார்கள் வந்து குவிந்தன. படகு தரைக்குள் புதைகிறது, கடிதம் காற்றில் தொங்குகிறது என்பதெல்லாம் எதிர்பார்த்தவைதான்; ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். ஆனால் கடைசிக் கட்டத்தைப் பற்றி எழுதிய எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். பச்சையில் போனால் கவிழ்கிறது, சிவப்பில் போனால் வழி விடுகிறது. தோட்டம் ஏன் துருப்பிடித்திருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

தம்பி கேமைத் திறந்து விளையாடினான். ஒரு தடங்கலும் இல்லாமல் மறுகரைக்குப் போனான். எந்த நேரத்தில் மதகு திறக்கும் என்று எழுதியவனே அவன்தானே. "இங்க நல்லாத்தான் ஓடுது. விதியை ஒழுங்காப் படிங்க" என்று எல்லாருக்கும் ஒரே பதிலை அனுப்பினான்.

சோதிப்பவர்களில் 'நத்தை' என்ற பட்டப்பெயரில் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு சந்திலும் நின்று நிதானமாகப் பார்ப்பவள். அவள் விடவில்லை. "ஐயா, நான் கண்ணை மூடிக்கிட்டு விளையாடல. படம் அனுப்பியிருக்கேன், நீங்களே பாருங்க" என்று எழுதினாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்த தம்பிக்குச் சுருக்கென்றது. அவளைச் சோதனையிலிருந்து நீக்கினான்.

நத்தை அந்தப் படத்தைக் கம்பெனியின் பொது முகவரிக்கு அனுப்பினாள். அங்கே வருவதை அக்காவும் பார்ப்பாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அக்கா மாடியேறி வந்தாள். கணினித் திரையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடா இது, இலையெல்லாம் செங்கல் பொடி தூவின மாதிரி இருக்கு? தமாஷா?"

"எல்லாரும் ஏன்தான் இப்படிப் படுத்துறீங்களோ! இலை பச்சையாத்தானே இருக்கு?"

அக்காவின் சிரிப்பு நின்றது. விளையாடுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. நிறத் தட்டைத் திறந்து ஒரு பச்சையையும் ஒரு பழுப்புச் சிவப்பையும் அருகருகே வைத்தாள்.

"இதுல எது பச்சை, சொல்லு."

அவன் சிவப்பைத் தொட்டான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விரலை மற்றதுக்கு நகர்த்தினான். பிறகு, "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேக்கா" என்றான்.

அக்கா அவனை அழைத்துப்போன கண் மருத்துவர் புள்ளிகளாலான படங்களைப் புரட்டிக் காட்டினார். அதில் அக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்த எண்கள் அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு இது, பிறவியிலேயே வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை, மருந்தும் இல்லை என்றார் மருத்துவர். சாலை விளக்கை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். எல்லாரும் அப்படித்தானே பாப்பாங்க?" என்றான் தம்பி.

வரும் வழியில் தம்பிதான் பேச்சை எடுத்தான்.

"ஸ்கூல்ல நான் குதிரைக்குப் பச்சை அடிச்சேன்னு வாத்தியார் வெளிய நிக்க வச்சாரு. வேணும்னே பண்றேன்னாரு. அதோட பிரஷ்ஷைத் தொடல."

"எனக்கு ஞாபகமே இல்லையேடா."

"எனக்கு இருக்கு. நான் ஒண்ணும் வம்புக்குப் பண்ணலை."

பழம் வாங்கச் சொன்னால் காயாக வாங்கி வருகிறான், அக்கறையே இல்லை என்று அக்கா எத்தனை முறை திட்டியிருப்பாள்! உடையாத கையால் அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். "நடு ரோட்டுல என்னக்கா இது" என்றானே தவிர அவன் விலகவில்லை.

அடுத்த வேலை, மன்னிப்புக் கேட்பது. தம்பி நத்தையை மறுபடி சேர்த்து, நடந்ததை உள்ளபடி எழுதினான். "அடடா, இது தெரியாம நான் வேற கண்ணை மூடிக்கிட்டுன்னு எழுதிட்டேனே" என்று அவள் பதில் போட்டாள். கூடவே படகின் துடுப்பு தலைகீழாக இருப்பதைச் சுட்டியிருந்தாள்.

மதகு விளக்குகளை மாற்றினார்கள். திறந்திருந்தால் வட்டம், மூடியிருந்தால் பெருக்கல் குறி; நிறம் அதற்கு அப்புறம்தான். இலைகளைப் பச்சையாக்க அக்கா உட்கார்ந்தபோது தம்பி தடுத்தான்.

"ஒரு வீட்டுத் தோட்டத்தை மட்டும் அப்படியே விடு. எனக்கு அது நல்லாத்தான் இருக்கு."

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கடைசியா கடிதம் வாங்குற கிழவியோட வீடு இருக்கே, அதுக்கு விடலாம். வயசான தோட்டம்."

புதிய பதிப்பை அனுப்பிய வாரத்தில் சோதிப்பவர் ஒருவரிடமிருந்து குறிப்பு வந்தது. முதல் பதிப்பில் கடைசிக் கட்டத்தைப் பற்றிப் புகார் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். "எனக்கு அந்தத் தோட்டம் எல்லாமே பச்சையாத்தான் தெரிஞ்சுது. மத்தவங்க என்ன சண்டை போடுறாங்கன்னே புரியலை" என்று எழுதியிருந்தார்.

தம்பி அதை இரண்டு முறை படித்தான். பிறகு கண் மருத்துவரின் முகவரியைத் தேடி எடுத்து, எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அக்காவிடம் கேட்டான்.