ஒரு லட்சத்து மூன்று கற்கள்

நகராட்சித் திடலில் சந்தைக்குத் தரை போட இறக்கிய டைல்ஸ் கற்கள் மொத்தம் ஒரு லட்சத்து மூன்று. ஒன்றைச் சேர்த்தால் மறுநாள் ஒன்று காணாமல் போனது. ஒன்றை எடுத்தால் மறுநாள் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. வெட்டினால் ஒட்டிக்கொண்டது. நகராட்சி இதைக் கோப்பில் குறித்துக்கொண்டு, நீள அகலம் எப்படி இருந்தாலும் சரி, நான்கு மூலையும் நேராக இருந்தால் போதும் என்றது.

வேலையை எடுத்தவருக்கு ஊரில் ரசமட்டம் என்று பெயர். அவர் போட்ட தரையில் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும். ஒரே ஒரு கல் மிஞ்சினாலும் மொத்தத்தையும் பெயர்த்துத் திரும்பப் போடுகிற பிடிவாதக்காரர். இரண்டு வரிசையாகப் போட்டார், ஒன்று மிஞ்சியது. ஏழு வரிசை, அதே ஒன்று. பதினேழு வரிசைக்கு ஒன்பது, நூறு வரிசைக்கு மூன்று. இப்படியே மூன்று வருடம் ஓடியது. அவர் மனைவி கணக்கு டீச்சர். முதல் வருடமே மாற்றலாகித் தொலைவில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். வேலை முடிந்ததும் வந்துவிடுவதாக ரசமட்டம் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதே டீச்சரின் கவலை.

மூன்றாம் வருட விடுமுறையில் டீச்சர் திடலில் காலை நீட்டி உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினார். இரண்டில் ஆரம்பித்து முந்நூற்றுப் பதின்மூன்று வரை அறுபத்தைந்து பகா எண்கள். அடுத்தது முந்நூற்றுப் பதினேழு. அதை அதனாலேயே பெருக்கினால் லட்சத்து மூன்றைத் தாண்டிவிடும் என்பதால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை.

“இதுவே பகா எண்ணுங்க. நீங்க தலைகீழா நின்னாலும் மிஞ்சும். ஒரே வரிசையாப் போட்டாத்தான் சரியா வரும்.”

“ஒரே வரிசையாவா? அது எங்க போய் முடியறது?”

“மெயின் ரோட்டு ஓரமா கிழக்கே போட்டுக்கிட்டே வாங்க. முடியற இடத்துல முடியும்.”

ஓரடிக் கல்லை ஒட்டி ஓரடிக் கல்லாகப் பதினான்கு மாதம் போட்டார். வியாபாரிகளும் பின்னாலேயே கடை விரித்தார்கள். ஓரடி அகலம், முப்பது கிலோமீட்டர் நீளம். நான்கு மூலையும் நேராக இருந்ததால் நகராட்சி ஒப்புக்கொண்டது. தக்காளி வாங்கியவர்கள் வெங்காயத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

ஒரு மத்தியானம், சாலை வளைகிற இடத்தில், வரிசை வளையாமல் நேரே ஒரு வீட்டின் திறந்த கதவுக்குள் போயிற்று. கூடத்துத் தரையில் சரியாக ஓரடி மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார்.

“நீ இங்க எப்படி?”

“பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டைக் காலி பண்ணிட்டேன். ஒரு லட்சத்து மூணு அடி எங்க முடியுதுன்னு அளந்துதான் இதைப் பிடிச்சேன். ரெண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போறேன்.”

நாலு வருடம் இவளைத் தனியாக விட்டுவிட்டோமே என்று ரசமட்டத்துக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து கடைசிக் கல்லை வைத்து, மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“மிஞ்சிச்சா?”

“இல்ல.”

“அப்ப கை கழுவிட்டு வாங்க.”

அந்தக் கூடம்தான் சந்தையின் கிழக்கு எல்லை என்று நகராட்சிக் கோப்பில் இருக்கிறது. கீரை விற்பவர் காலையில் அங்கேதான் உட்காருகிறார். அவர்கள் இருவரும் சாப்பிடும்போது அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறார்கள்.