நாற்பதாம் நம்பர் எண்ணெய்

அஜீஸுன்னிசாவின் என்ஜின் எண்ணெய்க் கடைக்கு ஆத்தப்பன் வந்தது ஏழு வருஷத்தில் அதுதான் முதல் முறை. பல்லடம் ரோட்டு முக்கில் மோட்டார் சைக்கிள் திரும்பும்போதே, அதன் அடிவயிற்றில் 'டொக் டொக்' என்று ஒரு தட்டல் அவளுக்குக் கேட்டுவிட்டது. ஃபிட்டரோடு பதினைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது என்ன சத்தமென்று தெரியாதா? பேரிங் போய்விட்டது. இனி எந்த எண்ணெயை ஊற்றினாலும் செத்த மாட்டுக்கு வைத்தியம்தான். அவள் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் கைருதீன், ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். ஏழு வருஷத்துக்கு முன், மூடியில்லாத மிஷின் பெல்ட்டில் கை சிக்கிச் செத்தான். மூடி போடச் சொல்லி அவன் நடையாய் நடந்தது கம்பெனிக்கே தெரியும். விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஆத்தப்பன், "குடிச்சுப்போட்டு வந்தானுங்க" என்று கூசாமல் சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? கைருதீனோ வெற்றிலை பாக்கைத் தாண்டி ஒன்றும் அறியாத மனுஷன். செத்தவனின் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிப் போனவர்களே முகத்தைச் சுளித்தார்கள். குடிகாரன் மகள் என்று பெண்ணுக்கு வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. அந்தப் பேரைத் துடைக்காமல் சாவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது, மறைப்பானேன்.

ஆத்தப்பனுக்கோ அந்த வண்டிதான் உயிர். சண்டைக் காலத்து இங்கிலீஷ் வண்டி. பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் துடைத்திருக்க மாட்டார். விலை கூடினதுதான் உசத்தி என்பது அவர் கொள்கை. போன வாரம், அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்த புது எண்ணெயை வாங்கி ஊற்றியிருக்கிறார். முப்பது வருஷமாய் அடியில் படிந்து கிடந்த கசடெல்லாம் கிளம்பி, எண்ணெய் போகிற துவாரத்தை அடைத்துக்கொண்டது. பழைய என்ஜினுக்கு மருந்து கலக்காத நாற்பதாம் நம்பர்தான் ஒத்துவரும் என்று மெக்கானிக் அப்புறம்தான் சொன்னானாம். ஊரிலேயே அது இவள் கடையில் மட்டும்தான் இருந்தது.

இரண்டு லிட்டர் கேட்டார். அவள் எதிர்க்கடையிலிருந்த பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பக்கீர் முகமதுவைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரர் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா இல்லையான்னு இவருகிட்டச் சொல்லுங்க. அப்புறம் ஊத்தித் தர்றனுங்க."

ஆத்தப்பன் குதித்தார். கடையையே எடுக்க வைத்துவிடுவேன் என்றார். விறுவிறுவென்று போய் வண்டியை உதைத்தார். தட்டல் முன்னைவிட இரண்டு மடங்காகக் கேட்டது. திரும்பி வந்தார். பழைய கதை இப்போது எதற்கு என்று பூசி மெழுகிப் பார்த்தார். அவள் லிட்டர் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் தலை குனிந்தது. "கைருதீன் குடிக்கலீங்க. பெல்ட்டுக்கு மூடி போடாதது நானுங்க. எம்மேல பழி வந்துருமுன்னு பொய் சொல்லிப்போட்டன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இதை எல்லாருக்கும் சொல்வது தன் பொறுப்பு என்று முத்தவல்லி சொன்னார். அஜீஸுன்னிசா எழுந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அளந்து ஊற்றிக் கொடுத்தாள். அசல் சரக்கு. அதில் அவள் துரோகம் செய்யவில்லை.

"இதை ஊத்துனா சத்தம் நின்னுருமா அம்மிணி?"

"நிக்காதுங்க. பேரிங் போயிருச்சு. நீங்க முக்குத் திரும்பறப்பவே எனக்குத் தெரியுமுங்க."

அவர் முகம் வெளுத்தது. அப்படியானால் எதற்காக இவ்வளவும் பேச வைத்தாய் என்று கேட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதை அடக்கவில்லை.

"முன்னாலயே சொல்லியிருந்தா, நீங்க வாயைத் தொறந்திருப்பீங்களா?"