ஜாடிக்குள் ஒரு தொண்டை

அந்தத் தலைவலி வந்ததே நல்லதுக்குத்தான் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வந்த நேரத்தில் என்னவோ பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த மிருகத்துக்குக் குரல் தேடித் தேடி மண்டை காய்ந்து போயிருந்தது. பலூனைத் தேய்த்துப் பார்த்தாள். இரும்புக் கதவை இழுத்துப் பார்த்தாள். கடைசியில் பிளாஸ்டிக் பைப்பில் வாயை வைத்து ஊளையே விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிருகம் கத்தற மாதிரி இல்லம்மா, நீ மிருகத்தைத் திட்டற மாதிரி இருக்கு" என்றார். அந்த மனிதரை ஸ்டுடியோவில் எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சத்தக்காரி. சினிமாவுக்குச் சத்தம் செய்வது அவள் வேலை. கதாநாயகி படியிறங்கினால் செருப்புச் சத்தம் இவளுடையது. வில்லனின் கை முறிந்தால் முறிவது இவள் கையில் இருக்கும் காய்ந்த குச்சி. ஆனால் கதவுக்கும் செருப்புக்கும்தான் இதுவரை சத்தம் கொடுத்திருக்கிறாள், ஒரு உயிருக்குக் குரல் கொடுத்ததில்லை. இப்போதுதான் வாராது வந்த மாமணி மாதிரி ஒரு கார்ட்டூன் படம் வந்திருக்கிறது. பனிக்கட்டிக்கு அடியில் குட்டியைத் தொலைத்துவிட்டு ஒரு கடல் மிருகம் கூப்பிட வேண்டும்.

"குரல் கீழே கீழே இறங்கணும், உடைஞ்சு போகணும்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். "குட்டி பதில் கொடுத்ததும் மெல்ல ஏறணும். மனுஷத் தொண்டைன்னு தெரியவே கூடாது. சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து கேட்கறேன். அமையலேன்னா விடுங்க, கம்ப்யூட்டர்லயே ஒண்ணு செஞ்சு போட்டுக்கறோம். நீங்க சிரமப்பட வேண்டாம்."

சிரமப்பட வேண்டாமாம்! அதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. இந்தக் குரல் அவளுக்கு வேண்டும். வெட்கம் மானம் எல்லாம் விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வேண்டும் வேண்டும் என்று இருந்தது.

தலை விண்விண்ணென்று தெறிக்கவே, கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். விழுங்குகிற மாத்திரை இல்லை, தண்ணீரில் பொங்கிக் கரைகிற வகை. அது புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டிருக்கும்போது, கை சும்மா இருக்காமல் ஸ்பூனால் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தது. டிங். டங். டொங். தூம். கை அப்படியே நின்றது. அவள் தட்டிய இடமும் மாறவில்லை, தட்டிய விதமும் மாறவில்லை, ஆனால் சத்தம் மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தது. பதறிப்போய் மறுபடி தட்டினாள். நுரை அடங்க அடங்க, தூம், டொங், டங் என்று அது தானாகவே மேலே ஏறி வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது எழுந்து நின்றுவிட்டார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவலி போன இடம் தெரியவில்லை, மருந்தைக் குடிக்கவும் இல்லை. உடனே எதிர்த்த வரிசையில் மருந்துக் கடை வைத்திருக்கும் அக்கா புருஷனுக்கு போன் போட்டாள்.

"மாமா, தண்ணில போட்டா பொங்குமே, அந்த மாத்திரை கடையில இருக்கறதெல்லாம் எடுத்துட்டு ஓடி வாங்க."

"எல்லாமா? எத்தனை பேருக்குத் தலைவலி கொடுத்த?"

"வாங்க மாமா, அப்புறம் கிண்டல் பண்ணலாம்."

அவள் வரவேற்பறையில் இருந்த ஆளுயரப் பூஜாடியைப் பூவைக் கொட்டிவிட்டுத் தூக்கி வருவதற்குள், மாமா பையும் கையுமாக வந்து சேர்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சினியைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"இதுல ஒரு புளிப்பு இருக்கு, சிட்ரிக் ஆசிட். கூடவே சோடா உப்பு. காஞ்சு கிடக்கற வரைக்கும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கும், பேச்சு வார்த்தை கிடையாது. தண்ணி பட்டுச்சோ, கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு மோதி, கார்பன் டை ஆக்சைடா வாயுவைக் கக்கும். அதான் இந்தக் குமிழி."

"தண்ணி முழுக்கக் குமிழி இருந்தா சத்தம் அதுக்குள்ள தடுக்கித் தடுக்கித்தான் போகும்" என்று காது எடுத்துக் கொடுத்தார். "வேகம் குறைஞ்சா சுருதி இறங்கும். குமிழி வெளியேறினா மறுபடி ஏறும். நம்ம டைரக்டர் கேட்டது அச்சு அசல் இதுதானே."

ஆமாம், இதேதான். அவள் ஓடி ஓடி மைக்கை நிறுத்தினாள், ஜாடிக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டாள், தண்ணீர் நிரப்பினாள். எல்லாம் தயார் என்று திரும்பிப் பார்த்தால், மாமா மும்முரமாகக் கடையிலிருந்து கொண்டு வந்த மருந்து இடிக்கும் கல்வத்தில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். கொண்டு வந்த மாத்திரை அத்தனையும் மாவு.

"மாமா, என்ன பண்றீங்க?"

"பொடி பண்ணினாத்தானே நல்லா கரையும்? குழந்தைங்களுக்கு எல்லாம் நான் இப்படித்தான் இடிச்சுக் கொடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டே, உதவி செய்கிற ஆர்வத்தில் மொத்தத்தையும் ஜாடியில் கவிழ்த்தார்.

அவ்வளவுதான். முழு மாத்திரை என்றால் தண்ணீர் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். பொடியில் எல்லாத் துகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. நுரை கொந்தளித்து எழும்பி, ஜாடியைத் தாண்டி, மாமாவின் சட்டையை நனைத்து, தரையெல்லாம் ஓடியது. காது பாய்ந்து வந்து மைக்கைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டார். அவள் தட்டியபோது ஒரே ஒரு தொம் கேட்டது. அதோடு சரி.

மாமா பேயறைந்த மாதிரி நின்றார். அவளுக்கு அழுகை முட்டியது, சிரிப்பும் முட்டியது, எதை விடுவது என்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்தாள். மாமா போனை எடுத்து அக்காவிடம் கெஞ்ச ஆரம்பித்தார். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு, அலமாரியின் அடியில் கிடந்த ஒரே ஒரு மாத்திரைக் குழாயோடு வந்தாள். அதுவும் தலைவலி மாத்திரை இல்லை, ஆரஞ்சு நிற வைட்டமின்.

"பொங்கறது இதுதான் மிச்சம். உங்க மிருகத்துக்குச் சத்து குறைவா இருக்கும், கொடுங்க" என்றாள் அக்கா, புருஷனை மேலும் கீழும் பார்த்தபடி.

ஒரு குழாய்தான் இருந்தது. ஒரு தடவைக்குத்தான் வரும். இந்த முறை அவள் யாரையும் தொட விடவில்லை. முதலில் டம்ளரில் ஒரே ஒரு மாத்திரையைப் போட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். அது அடிக்குப் போனது. ஒட்டியிருந்த குமிழிகள் தூக்கிக்கொண்டு வர, மேலே வந்து மிதந்தது. மிதந்தால் நுரை மேலேதான், அடித் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அப்படியானால் குரல் பாதிதான் இறங்கும். அடியிலேயே பிடித்து வைக்க வேண்டும். ஸ்டுடியோ சமையலறைக்கு ஓடி டீ வடிகட்டியை எடுத்து வந்தாள். மீதி மாத்திரைகளை அந்த வடிகட்டியைக் கவிழ்த்து மூடி, நீளக் கம்பியால் அழுத்திப் பிடித்தால் போதும். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே, அதற்கு?

"ஐஸ் தண்ணி" என்றார் மாமா மெதுவாக. "குளிர்ல ரெண்டும் சோம்பேறித்தனமா மோதும். நிதானமா வரும்."

"இப்பதான் உருப்படியா ஒண்ணு சொன்னீங்க மாமா."

குளிர்ந்த தண்ணீரை நிரப்பி நிமிர்ந்தால், வாசலில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். ஈரத் தரையையும், நனைந்த சட்டையோடு நிற்கிற மருந்துக் கடைக்காரரையும், ஜாடியையும் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் மூச்சை அடக்கிக்கோங்க சார்" என்றாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரைகள் அடியில் விழித்துக்கொண்டன. ஆரஞ்சுப் புகை போல குமிழிகள் எழும்பின. அவள் ரப்பர் சுத்தியால் ஜாடியின் அடியைத் தட்ட ஆரம்பித்தாள், நிறுத்தாமல், மணிக்கட்டு கழன்றுவிடும் போல. சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. தரை வழியாகக் காலில் ஏறுகிற அளவுக்கு இறங்கி, அங்கேயே கிடந்து இழுத்தது. நுரையின் உஸ் உஸ் அதன் மேல் மூச்சாகக் கேட்டது. தீர்ந்ததோ என்று நினைத்த நேரத்தில், தண்ணீர் தெளிய ஆரம்பித்து, குரல் தயங்கித் தயங்கி மேலே வந்தது. அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது.

காது அந்தப் பதிவை வேகம் குறைத்து இழுத்துவிட்டுப் படத்தோடு ஓட்டினார். திரையில் மிருகம் பனிக்கட்டியில் முகத்தை வைத்தது. படத்துக்கு ஏற்கெனவே பெரிய வாத்தியக் கோஷ்டி வாசித்த இசை ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் இவளுடைய குரல். எப்போதும் அப்படித்தான், இவள் செய்கிற சத்தத்தின் மேல் இசை வந்து கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். குட்டி பதில் கொடுத்தது. தாயின் குரல் ஏறியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்ததை மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

காட்சி முடிந்தது. இயக்குநர் அசையவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார்கள். மிருகம் வாயைத் திறக்கும் இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இந்த இடத்துல இசையை எடுத்துடுங்க" என்றார் காதிடம். "முழுசா எடுத்துடுங்க. இது மட்டும் போதும்."

காது இசைக்கான விசையைக் கீழே இழுத்தார். வாத்தியங்கள் எல்லாம் மெல்ல ஓய்ந்து போயின. இருட்டில், பனிக்கட்டிக்கு மேல், அவளுடைய மிருகம் தனியாகக் கூப்பிட்டது. அறையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள்.