உச்சி வெயிலில் நீண்ட நிழல்

ரத்தக்காட்டேரிகளைப் போல வாய்ச்சவடால் அடிக்கிற கூட்டம் உலகத்தில் கிடையாது. முந்நூறு வருஷம் உயிரோடு இருந்துவிட்டால் போதும், சரித்திரத்தையே தாங்கள்தான் பெற்றுப் போட்ட மாதிரி பேசுவார்கள். எங்களைப் போன்ற சூனியக்காரிகளும்தான் அவ்வளவு காலம் இருக்கிறோம். வேலைக்குப் போகிறோம், வருகிறோம், வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். சூனியக்காரி என்பது முதலாளிக்குத் தெரியாது. போன மாதம் அவர் ஒரு தடித்த காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"சூனியக்காரி, காட்டேரி, நிஜ சரித்திரம், மூணும் கலந்த நாவல். கண்ணால பாத்த மாதிரி எழுதியிருக்கார் மனுஷன்," என்றார்.

மனுஷனாம்! இரண்டு பக்கம் புரட்டியதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. என் சின்ன வயதில், இருட்டிய பிறகு மட்டும் அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவான். மாமா என்று கூப்பிடச் சொல்வாள் அம்மா. நானும் கூப்பிட்டுத் தொலைத்தேன்.

நாவலில் அவன் போகாத போர் இல்லை, கூடிக் குலாவாத ராஜா இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ஊரையே காப்பாற்றினானாம். அப்போது நல்ல ரத்தம் கிடைக்காமல் எங்கள் வீட்டுக் கோழியைக் கேட்டு வாசலில் பல்லிளித்துக்கொண்டு நின்றவன் இவன். கோழி மட்டும் கதையில் இல்லை.

சிரித்துக்கொண்டே படித்தவள், அம்மா வரும் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். அவளைச் சதுக்கத்தில் கட்டி எரித்ததை எழுதியிருந்தான். அவள் தப்பிப்பதற்காக மற்ற ஏழு சூனியக்காரிகளின் பெயரையும் சொல்லிவிட்டாளாம். இவன் முன்வரிசையில் நின்று காதால் கேட்டானாம்.

அந்த ஏழு பேரையும் பிறகு எரித்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அவர்களுடைய குடும்பங்கள் அம்மாவைத்தான் சொல்கின்றன. எங்கள் வீட்டில் ஒருத்தரும் கை நனைப்பதில்லை. அம்மாவை எரித்த அன்றைக்கு என்னை ஒரு பீப்பாய்க்குள் ஒளித்து வைத்திருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாளோ என்ற சந்தேகம் இத்தனை காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இது அச்சில் வந்தால் அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லை.

மறுபடி படித்தேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'உச்சி வெயிலில் அவளுடைய நிழல் சதுக்கம் முழுக்க நீண்டு விழுந்தது.'

உச்சி வெயிலில் நிழல் காலடியில் அல்லவா கிடக்கும்! வெயிலைக் கண்ணால் கண்டு எத்தனையோ காலம் ஆன ஆசாமி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிழலைக் கொண்டுபோய் நடுப்பகலில் ஒட்டியிருக்கிறான். புளுகுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டாமா?

வரச் சொன்னேன். பொழுது சாய்ந்த பிறகு, பட்டு மேல்கோட்டும் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியுமாக வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஏற்கெனவே செத்த முகம்தான்.

"பாப்பா, நீயா?"

"உக்காருங்க மாமா. பட்டப்பகல்ல சதுக்கத்துக்கு எப்படிப் போனீங்க? குடை பிடிச்சுக்கிட்டா?"

கைத்தடியைத் தடவிக்கொண்டே இருந்தான். அந்த வரியைக் காட்டினேன்.

"போகல," என்றான் கடைசியில். "மூலையில ஒரு சாராயக் கிடங்கு இருந்துச்சு. அதோட நிலவறையில இருந்தேன். நடுவுல ஒரு கதவுதான்."

"அம்மா யார் பேரைச் சொன்னாங்க?"

"யார் பேரையும் சொல்லல பாப்பா. என்னைத்தான் கூப்பிட்டா. குரல் நிக்கிற வரைக்கும் என்னை மட்டும்தான் கூப்பிட்டா."

அம்மா சொல்லவில்லை. இவன் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்போ இது எதுக்கு?"

"நான் அங்க இருந்தேன்னு எழுதினா, ஏன் காப்பாத்தலன்னு கேப்பாங்கல்ல? அவ துரோகின்னு போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ஒரு கதாபாத்திரத்தைச் சரிசெய்தானாம், அவ்வளவுதான்.

"கதவைத் திறந்திருந்தா நானும் எரிஞ்சிருப்பேன் பாப்பா."

"அம்மாவும் எரிஞ்சாங்க, மாமா."

வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினேன். அத்தியாயத்தை இங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் விடியும்வரை கதவு திறக்காது, விடிந்ததும் ஜன்னல் திறக்கும் என்றேன். கதவைக் கட்டும் மந்திரத்தை அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது அவனுக்கும் தெரியும்.

பேனாவை எடுத்தான். பிறகு கடைக்காரனிடம் விலை குறைக்கச் சொல்கிறவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"கூட்டத்துல ஓரமா நின்னேன்னாவது போட்டுக்கட்டுமா?"

"'அவ கூப்பிட்டா, நான் போகல.' அதை முதல்ல எழுதுங்க," என்றேன்.

எழுதினான்.