பத்துப் பொருத்தத்தில் ஒரு மறுசீரமைப்பு

பெத்தம்மாள் தேத்தண்ணியைத் தொடவில்லை. கோப்பையில் ஆடை படிவதைப் பார்த்த காளிமுத்து, கெட்ட செய்திதான் என்று முடிவுகட்டினார். அவர் மகள் பவானேஸ்வரியை மருமகளாக்கிக்கொள்ளத் தட்டு மாற்றிப் போன அம்மாள், பாச்சாங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் வேறென்ன நினைப்பது?

"ஜாதகம் சரியில்லண்ணே. சனி பாக்குதாம். மூணு பொருத்தந்தான் தேறுதாம்லா."

போன மாதம் இதே ஜாதகத்தில் பத்துக்குப் பத்து. பவானேஸ்வரி அப்போது வட்டாரச் சேமிப்பு வங்கியில் ஒன்பது வருஷமாகக் கவுன்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாதகத்தோடு அவளுடைய சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கியவள் பெத்தம்மாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சம்பளம் மகன் குகனின் கணக்குக்கு வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். வரதட்சணையா? சேச்சே, அந்தக் காட்டுமிராண்டி வழக்கமெல்லாம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது.

இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. மறுசீரமைப்பு என்று சொல்லி வங்கி நாற்பது பேருக்குக் கடிதம் கொடுத்தது. 'உங்கள் பணியில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் பதவிதான் நீக்கப்படுகிறது' என்று பவானேஸ்வரிக்கும் ஒன்று. சனி பகவான் அதைப் படித்துவிட்டு, பெத்தம்மாளின் ஊரான லூபோக் சீனாவில் பஸ் ஏறி, மலாக்காவில் இறங்கி, பாச்சாங்குக்கு நடந்தே வந்து, பவானேஸ்வரி ஜாதகத்தின் ஏழாம் வீட்டில் பாயை விரித்துவிட்டார்.

காளிமுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கல்யாணம் நின்றதைச் சொன்னார். பெண்ணுக்கு என்ன குறை என்று எல்லாரும் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெத்தம்மாள் மறுபடி வந்தாள். இந்தமுறை நாற்காலி நிறைய உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே தேத்தண்ணியைக் குடித்தாள். வங்கி இரண்டு வருஷச் சம்பளத்தை மொத்தமாக நட்டஈடு தருகிற செய்தி லூபோக் சீனா பசார்க் கடைகள்வரை போயிருந்தது.

"வேற ஜோசியச் சாமிகிட்ட காட்டுனோம்ணே. சனி போயிருச்சாம். ஒம்போது பொருத்தம்."

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. காளிமுத்துவின் தலை சரியென்று தன்னால் ஆடப் பார்த்தது.

பவானேஸ்வரி காலிக் கோப்பையை எடுத்தபடி, கவுன்டரில் பேசுகிற அதே மரியாதைக் குரலில் சொன்னாள்:

"உங்க மகன்மேல ஒரு கொறையும் இல்ல அத்தை. இந்த வீட்லயும் மறுசீரமைப்பு நடக்குது. மாப்பிள்ளைங்கற பதவியத்தான் எடுத்துட்டோம்."

பெத்தம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காளிமுத்து அவசரமாக உள்ளே போய், டின்னில் மிச்சமிருந்த முறுக்கைப் பொட்டலம் கட்டி வந்து அவள் கையில் கொடுத்தார். நட்டஈடு இல்லாமல் அனுப்புவது முறையில்லை, பாருங்கள்.