மஞ்சள் கேட்டின் இருபுறத்துப் புகை

பிள்ளைகளே, எங்கள் ஊருக்கும் ரமல்லா நகரத்துக்கும் நடுவே ராணுவம் போட்ட ஒரு மஞ்சள் இரும்புக் கேட் நிற்கிறது. அது திறந்திருந்தால் வண்டியில் ஏறி நாலு பேரை நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். மூடிவிட்டால் மலையைச் சுற்றி, பள்ளத்தாக்கில் இறங்கி, லாரிகளின் வாலைப் பிடித்து ஊர்ந்து ஏறி வர வேண்டும். அந்த மாதம் முழுக்க அது மூடியே கிடந்தது.

லமீஸ் எங்கள் தெருப் பெண். வண்டிப் புகையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறவள். சாலையை அடைத்தால் பூமியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு கூடுகிறது என்று அளக்க, அம்மான் நகரத்திலிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதன் குழாயை அபூ நாஜியின் ஷேர் டாக்ஸிப் புகைக்குழலில் செருகி, ஒரு மாலை சுற்றுவழிப் புகையை அளந்தாள். ஏழு பயணிகளில் நானும் ஒருத்தி. மடியில் மாவு மூட்டை.

நேர்வழிப் புகையும் தெரிந்தால்தானே எவ்வளவு கூடியது என்று சொல்ல முடியும்? கேட்தான் திறக்கவில்லையே. பெட்டியோ இரண்டு நாளில் அம்மானுக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த நாள் மாலை ரமல்லா நிறுத்தத்தில் அபூ நாஜியின் போன் கத்தியது. ஓட்டுநர்களின் குழுவில் யாரோ பேசி அனுப்பியிருந்தார்: "மஞ்சள் கேட் சாலிக்!"

சாலிக் என்றால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் காலையில் சலாம் சொல்லும் முன்பே "சாலிக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

லமீஸ் துள்ளினாள். "நேத்து வந்த அதே ஏழு பேரும் ஏறணும், அபூ நாஜி. அதே பாரம் இருக்கணும்."

"பேக்கரி ஷரீஃப் ரெண்டு தட்டு குனாஃபா இனிப்பு தின்னுட்டு வந்திருக்கான். அதைக் கழிச்சுக்க டாக்டரம்மா."

"நேத்தும் தின்னேன்யா! அதே பாரம்தான்," என்றார் ஷரீஃப்.

"ஹஜ்ஜா, இன்னைக்கு உங்க மாவு மூட்டை இல்லையே, அதுக்கு என்ன பண்றது?" என்று லமீஸ் என்னைக் கேட்டாள்.

"ஓரத்துல கல்லு கிடக்கே, நாலு எடுத்து வை," என்றேன்.

வண்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "கல்லைத் தூக்கிட்டுக் கேட்டுக்கா? சிப்பாய் பார்த்தா சுட்டுருவான்! ஹஜ்ஜா, நாங்கெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறோமே!" என்றார் அபூ நாஜி. ஷரீஃப் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் மூன்று தர்பூசணிகளோடு வந்தார். லமீஸ் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, எடை சரி என்று தலையாட்டினாள்.

கிளம்பினோம். கேட்டும் வந்தது. பூட்டிக் கிடந்தது.

அபூ நாஜி போனில் கத்தினார்: "எந்த மஞ்சள் கேட்டுய்யா சாலிக்?"

"எங்க ஊர் கேட்டுதான் மாமா. வேற எது?" என்றது போனில் ஒரு வெளியூர்க் குரல்.

இந்த நாட்டில் எல்லாக் கேட்டும் மஞ்சள்தான். அவரவர் கேட் அவரவர்க்கு ஒன்றுதான் என்பதால் ஊர்ப்பெயரை யாரும் சொல்வதில்லை.

லமீஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "விடுங்க. இந்த மாசம் பட்டதெல்லாம் வீண்," என்றாள் மெதுவாக.

அபூ நாஜி எஞ்சினை அணைத்தார். கேட்டைப் பார்த்தார். அதன் ஓரம், ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி. அப்பால், நடந்து வருகிறவர்களை ஏற்றிப்போக எங்கள் ஊர் வஸ்ஃபி தன் மஞ்சள் வண்டியோடு காத்திருந்தான்.

"டாக்டரம்மா, இதுவரைக்கும் வந்த புகை உன் பெட்டியில இருக்கா?"

"இருக்கு. பாதி வழிதானே?"

"மீதி வழி அந்தப் பக்கம் நிக்குது பாரு. நாம எப்பவும் இறங்கி, தாண்டி, வேற வண்டி ஏறி ஊருக்குப் போறதில்லையா? பெட்டியையும் கூட்டிட்டுப் போ."

"வேற வண்டி, வேற புகை, அபூ நாஜி."

"ரெண்டும் ஒரே வருஷத்து வண்டி. ஒரே மெக்கானிக். இருமல்கூட ஒரே மாதிரி."

லமீஸ் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு வண்டின்னு மறைக்காம எழுதிடுவேன்," என்று சொல்லி எழுந்தாள்.

வஸ்ஃபி அந்தப் பக்கத்திலிருந்து கூவினான்: "சாலிக்கா?"

"வண்டிக்கு இல்லடா. ஆளுக்கும் தர்பூசணிக்கும் சாலிக்!" என்றார் அபூ நாஜி.

ஒவ்வொருவராக நுழைந்தோம். பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது, தொட்டில் குழந்தையைத் தருவதுபோல. ஷரீஃபின் வயிறு இடைவெளியில் சிக்கியது. அபூ நாஜி பின்னாலிருந்து தள்ளினார். "குனாஃபாவைக் கழிக்கச் சொன்னேனே, கேட்டியா?"

லமீஸ் குழாயை வஸ்ஃபியின் வண்டிப் புகைக்குழலில் செருகினாள். அங்கேயும் அவரவர் அதே இடத்தில் உட்கார்ந்தோம். தர்பூசணிகள் என் மடியில். அபூ நாஜி தன் வண்டியோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். இங்கே ஓட்டுநர் ஒல்லி வஸ்ஃபி என்பதால், அவர் பாரத்துக்குச் சரிக்கட்ட அவன் அடிக்கும் தம்பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் ஷரீஃப்.

ஊர்ச் சதுக்கத்தில் வண்டி நின்றதும் யாரும் இறங்கவில்லை. லமீஸ் இரண்டு பாதியையும் கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.

"நேத்து நாம விட்ட புகை, இன்னைக்கு விட்டதைப்போல நாலு மடங்கு," என்றாள். "அதே ஜனம், அதே ஊரு. ஒரு கேட் மூடினதுக்கு."

அவ்வளவு நஞ்சையா ஊதிக்கொண்டிருந்தோம்! பிறகு ஷரீஃப் கை தட்டினார், எல்லோரும் தட்டினோம். பூட்டிய கேட்டை வைத்துக்கொண்டே திறந்த வழியை அளந்துவிட்டாளே என்று எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

முதல் தர்பூசணியை அங்கேயே உடைத்தோம். வஸ்ஃபியின் போன் கத்தியது. "வஸ்ஃபி, மஞ்சள் கேட் சாலிக்கா?"

வாயில் சாறு வழிய அவன் கேட்டான்: "முதல்ல எந்த ஊர் கேட்டுன்னு சொல்லு!"